மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளும் பழைய மாணவிகளும் கூடிய சபையில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றியோ குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்று சபையோர் எதிர்பார்ப்பது இயல்பு. குருதியமுக்கம் இந்த உரையிலும் வரும். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட விடயம் கணினிச் செய்நிரலாக்கத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'லேசி சீக்குவன்ஸ்' என்று பெயர். நாம் 'சோம்பல் வரிசை' என்று சொல்லிக்கொள்வோம்.

இதைத் தெரிவுசெய்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாக எடுக்கும் எமது மாணவிகள் பைதன் மொழியைப் படிக்கிறார்கள். படித்ததை வைத்துக்கொண்டு இந்த விடயத்தை ஒரு பின்னேரத்தில் விளங்கிக்கொள்ளலாம். மற்றையது, இன்று வைத்தியசாலை எண்ணிக்கைகள் பல கணினியில் இருந்து வருகின்றன. அந்த எண்ணிக்கை எப்படிப் பிறந்தது என்று கேட்கத் தெரியாமல் அதை நம்பி மருந்துக்குக் கட்டளை அனுப்பும் நிலைமை எமக்கு வரக்கூடாது. உயிரியல் படித்த பிள்ளைக்கு இது தேவையில்லை, கணிதம் படித்த பிள்ளைக்கே உரியது என்ற எண்ணம் இருந்தால், அதை இந்த மண்டபத்திலேயே விட்டுச் செல்வோம்.

சாதாரண தரக் கணித வகுப்பில் இருந்து தொடங்குவோம். கூட்டல் விருத்தி நினைவிருக்கும். கரும்பலகையில் ரீச்சர் எழுதுவார்: 7, 14, 21, 28, அதற்குப் பின் மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்து நாம் ஒருவரும் பயந்ததில்லை. விதி தெரியும், அடுத்தது வேண்டுமென்றால் 7ஐக் கூட்டினால் போதும். முடிவில்லாத வரிசை ஒன்றை அரை வரிக்குள் எழுதிவிட்டோம்.

இதையே கணினிக்குச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் ஒன்று ஆக்கு, 7இன் மடங்குகள் எல்லாவற்றையும் அதில் போடு என்று சொன்னால், அது 7ஐப் போடும், 14ஐப் போடும், போட்டுக்கொண்டே இருக்கும். நினைவகம் நிறைந்ததும் நின்றுவிடும். பட்டியல் என்பது உள்ளே எல்லாப் பெறுமானங்களும் ஏற்கெனவே வந்து இருந்தால்தான் பட்டியல். மூன்று புள்ளிகளை அதற்குள் வைக்க முடியாது. அந்தப் புள்ளிகளைக் கணினிக்குக் கொடுக்கும் வழிதான் சோம்பல் வரிசை.

வீட்டுச் சமையலறையில் இரண்டு முறையும் இருக்கின்றன. இடியப்பம் என்றால் எல்லோருக்குமாகப் பிழிந்து, அவித்து, அடுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவோம். அப்பம் என்றால் சாப்பிடுபவர் இருந்த பிறகு, கேட்கக் கேட்கச் சட்டியில் மாவை விடுவோம். மூன்று போதும் என்று அவர் எழும்பினால் நாலாவது அப்பம் சுடப்படுவதே இல்லை. மா மிச்சம், விறகு மிச்சம். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியவேண்டிய தேவையும் இல்லை. சோம்பல் என்ற பெயர் கொஞ்சம் அநியாயமானதுதான். கேட்காததைச் செய்யாமல் விடுவதைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பைதன் மொழியில் பார்ப்போம். சாதாரண சார்பு ஒன்று 'ரிட்டர்ன்' என்ற சொல்லோடு விடையைத் தந்துவிட்டு முடிந்துபோகும். உள்ளே அது வைத்திருந்த மாறிகள் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த முறை அழைத்தால் முதலில் இருந்துதான் தொடங்கும். 'ரிட்டர்ன்' இருந்த இடத்தில் 'யீல்ட்' என்ற சொல்லைப் போட்டால் நிலைமை மாறுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விளைச்சல் தருதல் என்றும் பொருள், வழிவிட்டு ஒதுங்குதல் என்றும் பொருள். இங்கே இரண்டும் பொருந்தும். சார்பு ஒரு பெறுமானத்தைத் தருகிறது, தந்துவிட்டு நின்ற இடத்திலேயே காத்திருக்கிறது. மாறிகள் அழிவதில்லை.

எமது 7இன் மடங்குகளுக்கு இப்படி எழுதலாம். மாறி ஒன்றுக்கு 7 என்று கொடு. பின் முடிவில்லாத சுற்று ஒன்றைத் தொடங்கு. சுற்றுக்குள் மாறியின் பெறுமானத்தை யீல்ட் செய், பிறகு மாறியோடு 7ஐக் கூட்டு. இவ்வளவுதான். இந்தச் சார்பை அழைத்ததும் எண் ஒன்றும் வராது. அதன் முதல் வரிகூட இன்னும் ஓடவில்லை. கைக்கு வருவது 'ஜெனரேட்டர்' எனப்படும் ஒரு பொருள் மட்டுமே. அதனிடம் 'நெக்ஸ்ட்' என்று கேட்டால் 7 வரும், சார்பு யீல்ட் வரியில் நிற்கும். மறுபடி கேட்டால் நின்ற இடத்தில் இருந்து எழும்பி, 7ஐக் கூட்டி, சுற்றின் மேலே போய், 14ஐத் தந்துவிட்டு மறுபடி நிற்கும். ஆயிரமாவது உறுப்பு வரை கேட்டாலும் நினைவகத்தில் இருப்பது ஓர் எண்ணும், எங்கே நிற்கிறோம் என்ற குறிப்பும்தான்.

இந்தச் சிந்தனை புதியதல்ல. பிரித்தானியாவைச் சேர்ந்த பீட்டர் லண்டின் 1965இல் வெளியிட்ட கட்டுரையில், முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டிய தேவையில்லாத இத்தகைய வரிசைகளை 'ஸ்ட்ரீம்', அதாவது ஓடை என்று அழைத்தார். 1976இல் டானியல் ஃபிரீட்மன், டேவிட் வைஸ் ஆகியோர் ஒரு கட்டுரையும், பீட்டர் ஹெண்டர்சன், ஜேம்ஸ் மொறிஸ் ஆகியோர் இன்னொரு கட்டுரையும் தனித்தனியே எழுதினார்கள். பட்டியலின் உறுப்பைக் கேட்கும் வரை கணிக்காமல் விடலாம் என்பதே இரண்டின் சாரமும்.

அதே காலத்தில், 1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பார்பரா லிஸ்கொவும் அவருடைய மாணவர்களும் 'குளூ' என்ற மொழியை உருவாக்கினார்கள். பெறுமானங்களை ஒவ்வொன்றாகத் தந்து தந்து நிற்கும் 'இற்றரேற்றர்' என்ற அமைப்பும், 'யீல்ட்' என்ற சொல்லும் அதில் இருந்தன. லிஸ்கொவ் 1968இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கணினி விஞ்ஞானத்தில் அந்தப் பட்டத்தை அமெரிக்காவில் பெற்ற முதற் சில பெண்களுள் ஒருவர். கணினித் துறையின் அதியுயர் விருதான டூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. மாணவிகள் பைதனில் 'யீல்ட்' என்று தட்டச்சுச் செய்யும்போது அந்தச் சொல்லுக்கு முன்னால் இப்படி ஒரு பெண்ணின் உழைப்பு இருந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

அதன் பின் ஒவ்வொரு மொழியும் இதைத் தன் முறையில் எடுத்துக்கொண்டது. ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது. அதிலே எல்லாமே இயல்பாகச் சோம்பல்தான். 7, 14 என்று எழுதி இரண்டு புள்ளிகளை வைத்து அடைப்பை மூடினால் முடிவில்லாத வரிசை தயார், கரும்பலகையைவிட ஒரு புள்ளி குறைவு. பைதனுக்கு ஜெனரேட்டர் வந்தது 2001 டிசம்பரில் வெளியான 2.2 பதிப்பில். சீ ஷார்ப் மொழிக்கு 2005இல் வந்தது. ஜாவாவின் 8ஆம் பதிப்பு 2014இல் 'ஸ்ட்ரீம்'களைக் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2015இல் ஜெனரேட்டர் வந்தது. ரஸ்ட் மொழியின் முதலாம் பதிப்பும் அதே 2015இல்தான்; அதன் இற்றரேற்றர்களும் கேட்டால்தான் வேலை செய்யும்.

இனி வைத்தியசாலைக்குள் வருவோம். தலைசுற்றி விழுந்த ஒரு நோயாளருக்கு 24 மணித்தியால இதயப் பதிவு செய்கிறோம் என்று வையுங்கள். கருவி செக்கனுக்கு 500 தடவை அளக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 30,000 எண்கள், ஒரு நாளைக்கு 43,200,000. எக்செல் தாள் ஒன்றில் இருப்பது 1,048,576 நிரைகள். 35 நிமிடத்துப் பதிவோடு தாள் நிறைந்துவிடும். பைதன் பட்டியலில் போட்டால், எண்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளுக்கு மட்டும் ஒன்றுக்கு 8 பைட் வீதம் 345.6 மில்லியன் பைட் வேண்டும். எண்களுக்கான இடம் அதற்கு மேலே. இது ஒரு நோயாளரின் ஒரு நாள், அதிலும் ஒரேயொரு தடம்.

ஆனால் வைத்தியரின் கேள்வி சிறியது. இதயத் துடிப்புகளுக்கு இடையே 3 செக்கனுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறதா? நான்கு நிலையங்கள் கொண்ட வரிசையாக இதைக் கட்டலாம். முதலாவது, கோப்பில் இருந்து எண்ணை வாசிக்கும். இரண்டாவது, எண்களில் இருந்து துடிப்பைக் கண்டுபிடிக்கும். மூன்றாவது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தைத் தரும். நான்காவது, 3 செக்கனுக்கு மேற்பட்டதை மட்டும் விடும். நான்கும் சோம்பல் வரிசைகளாக இருந்தால், கடைசியில் நிற்கும் நாம் 'ஒன்று தா' என்று கேட்கும் வரை எதுவும் அசையாது. கேட்டதும் நான்காவது மூன்றாவதைக் கேட்கும், மூன்றாவது இரண்டாவதை, இரண்டாவது முதலாவதை. கேள்வி பின்னோக்கிப் போகிறது, எண் முன்னோக்கி வருகிறது. அதிகாலை 2 மணிப் பதிவில் ஓர் இடைவெளி அகப்பட்டால் அங்கேயே விடை கிடைத்துவிடும். மிச்சப் பதிவைத் தொடவேண்டியதில்லை.

எல்லாக் கேள்விக்கும் இந்த ஆதாயம் கிடைக்காது. 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு இடையில் நிற்கலாம். 'எத்தனை' என்று கேட்டால் கடைசி வரை நடந்தே ஆகவேண்டும், ஆனால் கையில் வைத்திருக்கவேண்டியது ஓர் எண்ணிக்கை மட்டும். சராசரியும் அப்படியே, கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் போதும். இடையத்தைச் சரியாகக் கேட்டால் கதை வேறு. நடுவில் நிற்பது எது என்று சொல்லப் பெறுமானங்களை வைத்திருந்து ஒழுங்குபடுத்த வேண்டும். அங்கே சோம்பல் உதவாது.

இன்னொரு பொறியும் உண்டு. முடிவில்லாத 7இன் மடங்குகளிடம் 1000க்குக் குறைந்தவற்றை மட்டும் வடிகட்டித் தா என்று கேட்டால் 994 வரை தரும். அதன் பின் செய்நிரல் நிற்காது. 1001 பொருந்தாது, 1008 பொருந்தாது என்று தேடிக்கொண்டே இருக்கும். இனிமேல் குறைந்தது வராது என்பது எமக்குத் தெரியும், வடிகட்டிக்குத் தெரியாது. 'பொருந்தும்வரை எடு, பொருந்தாததைக் கண்டதும் நிறுத்து' என்ற வேறு கட்டளை அதற்கு உண்டு. எங்கே நிற்பது என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

இப்போது இந்த உரையின் முக்கிய இடத்துக்கு வருகிறோம். தயவுசெய்து கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு கிளினிக்கில் 100 பேருடைய குருதியமுக்க அளவுகள் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரைப் பைதனில் ஆக்குகிறோம். முதல் வரியில், மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். 100 என்று வருகிறது. அடுத்த வரியில், அதே ஜெனரேட்டரை வைத்து, மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். விடை 0.

கிளினிக்கில் நோயாளர் இல்லாமல் இல்லை. முதல் எண்ணிக்கையிலேயே வரிசை கடைசி வரை நடந்து தீர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை கேட்கும்போது தருவதற்கு எதுவும் இல்லை. பைதன் இதைப் பிழை என்று சொல்வதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத வரிசையும் தீர்ந்துபோன வரிசையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். 100 பேரில் 0 வீதம் என்று அறிக்கை அழகாக அச்சாகிவரும். வரிகளின் ஒழுங்கு மாறி, உயர் அளவுகளை முதலில் எண்ணியிருந்தால் மொத்தம் 0 ஆகும், பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று கணினி சத்தமிடும், நாமும் விழித்துக்கொள்வோம். முதலாவது ஒழுங்கில் அந்தச் சத்தமும் இல்லை. அந்த 0ஐ நம்பி அடுத்த மூன்று மாதத்துக்கான மாத்திரைகளின் தொகையைக் குறைத்தால், வெறுங்கையோடு திரும்புவது கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்ற அம்மாதான்.

இதே கேள்வியை மற்ற மொழிகளிடம் கேட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெனரேட்டர் பைதனைப் போல மௌனமாக இருக்கும். ஜாவாவின் ஸ்ட்ரீம், இது ஏற்கெனவே பாவிக்கப்பட்டது என்று சொல்லி அந்த இடத்திலேயே செய்நிரலை நிறுத்தும். ரஸ்ட் அதற்கும் முந்திவிடும். கையை விட்டுப் போன இற்றரேற்றரை மறுபடி பாவிக்க எழுதினால், செய்நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, தொகுக்கும் கட்டத்திலேயே மறுத்துவிடும்.

சீ ஷார்ப்பில் இத்தகைய சார்பு தரும் வரிசையை இரண்டாவது தடவை நடந்தால், அது முதலில் இருந்து மறுபடி எல்லாவற்றையும் செய்யும். 100 என்றும், உண்மையான உயர் எண்ணிக்கையும் வரும். ஆனால் கோப்பு இரண்டு தடவை வாசிக்கப்படும். முதலாவது வாசிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் தாதி ஒருவர் புதிதாக ஐந்து பேரைப் பதிந்திருந்தால், கீழே இருப்பது 100 பேர், மேலே எண்ணியது 105 பேரில் இருந்து. ஹாஸ்கெலில் பெயரிட்டு வைத்த பட்டியல் ஒரு தடவை கணித்ததை நினைவில் வைத்திருக்கும். இரண்டாவது நடையிலும் சரியான விடை தரும். ஆனால் இரண்டாவது நடைக்குத் தேவைப்படும் என்பதால் முதல் நடையில் கடந்துபோன எண்களை அது விட்டுவிட முடியாது. 43 மில்லியன் எண்கள் என்றால் அத்தனையும் நினைவகத்தில் குவியும். மிச்சம்பிடிக்க வந்த வழியே செலவாகிவிடும்.

ஒன்று மறந்துவிட்டு மௌனமாக இருக்கிறது, ஒன்று கத்துகிறது, ஒன்று முன்கூட்டியே தடுக்கிறது, ஒன்று திரும்பச் செய்கிறது, ஒன்று எல்லாவற்றையும் நினைவில் சுமக்கிறது. மொழி எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. சோம்பல் வரிசை என்ற ஒரே பெயருக்குள் ஐந்து விதமான நடத்தைகள் இருக்கின்றன. நாம் பாவிப்பது எந்த விதம் என்று தெரியாமல் ஓர் எண்ணிக்கையில் கையொப்பமிடக் கூடாது என்பதே சொல்ல வந்தது.

இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. 100 பேர் என்றால் பேசாமல் பட்டியலாகவே வைத்துக்கொள்ளலாம். நூறு எண்களுக்குச் சோம்பல் தேவையில்லை. தரவு பெரிதென்றால் ஒரே நடையில் இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம், வெளிநோயாளர் பிரிவில் ஒரே பதிவேட்டில் இரண்டு நிரல்களில் கோடு போடுவதைப் போல. சராசரியோடு நியம விலகலையும் எண்களைச் சேமிக்காமல் ஒரே நடையில் கணிக்கும் முறையை வெல்ஃபோர்ட் என்பவர் 1962இலேயே வெளியிட்டிருக்கிறார். இரண்டு தடவை நடக்கத்தான் வேண்டுமென்றால், ஜெனரேட்டரைக் கைமாற்றாமல் அதை ஆக்கும் சார்பைக் கைமாற்றி, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆக்கலாம்.

எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று வைப்பதும் சரியல்ல. சோம்பல் வரிசையில் பிழையும் சோம்பலாகவே வரும். கோப்பின் 3,000ஆவது நிரையில் எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால், வரிசையை ஆக்கிய இடத்தில் ஒரு முறைப்பாடும் வராது. எங்கோ, எப்போதோ, யாரோ 3,000ஆவது பெறுமானத்தைக் கேட்கும்போதுதான் தெரியும். வரிசையை ஆக்கிவிட்டுக் கோப்பை மூடிவிட்டால், முதல் எண்ணைக் கேட்கும்போதுதான் கோப்பு மூடியிருப்பது தெரியவரும்.

வைத்தியத் தொழிலில் எமக்கு இந்த வேறுபாடு நன்கு பழக்கமானது. வெளிநோயாளர் பிரிவில் இலக்கம் கொடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம். காலை 8 மணிக்கே எல்லோரையும் பரிசோதித்து முடித்துவிட்டு மருந்து எழுதத் தொடங்குவதில்லை. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் போகும் நோயாளரின் குருதி வகையைக் கத்தி வைத்த பிறகு, குருதி தேவைப்படும்போது பார்ப்போம் என்று விடுவதும் இல்லை. மருந்து ஒவ்வாமை உண்டா என்பதை ஊசி ஏற்றிய பிறகு கேட்பதில்லை. இடையில் நிறுத்த வாய்ப்புள்ள வேலையைக் கேட்கும்போது செய்யலாம். பிழை இருந்தால் முன்கூட்டியே தெரியவேண்டிய வேலையை முதலிலேயே செய்து முடிக்கவேண்டும். செய்நிரல் எழுதும்போதும் கோப்பின் நிரைகள் ஒழுங்காக உள்ளனவா என்ற சரிபார்ப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மாணவிகளே, சோம்பல் வரிசை ஒன்று கையில் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது எங்கே முடியும், முடியுமா? இதை இரண்டாவது தடவை நடந்தால் என்ன நடக்கும்? இதற்குள் பிழை இருந்தால் எனக்கு எப்போது தெரியும்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்தால் மொழி எதுவானாலும் சமாளிக்கலாம். வைத்தியராகவோ கணக்காளராகவோ ஆசிரியையாகவோ வந்து, செய்நிரல் எழுதாமல், மற்றவர் எழுதியதன் விடையை மட்டும் வாங்கும் நிலையில் இருந்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்பவருக்கு விளங்கும் விதத்தில் பதில் சொல்வது எழுதியவரின் பொறுப்பு.

இங்கே கூடியிருக்கும் பழைய மாணவிகளில் பலர் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறீர்கள். இந்தப் பதிவை மலரில் வாசிக்கப்போகிறவர்கள் இன்னும் அதிகம். கட்டடத்துக்கும் பரிசளிப்புக்கும் நீங்கள் அனுப்பும் உதவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதனோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம், இணையவழியில் எமது உயர்தர வகுப்புக்கு வந்து, பாடத்திட்டத்துக்குள் நின்றுவிடாத இப்படி ஒரு விடயத்தைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் வேலைத்தலத்தில் நாளாந்தம் சாதாரணமாகப் பேசப்படுவது இங்கே ஒரு பிள்ளைக்குப் புதிய கதவாக இருக்கும்.

மாணவிகளுக்கு ஒரு வீட்டுவேலை தந்து முடிக்கிறோம். 1000க்குக் குறைந்த 7இன் மடங்குகளைத் தந்துவிட்டு நின்றுவிடும் ஜெனரேட்டர் ஒன்றைப் பைதனில் எழுதுங்கள். அதை வைத்து மொத்தம் எத்தனை மடங்குகள் என்று எண்ணுங்கள். பிறகு அதே ஜெனரேட்டரை வைத்து அவற்றுள் இரட்டை எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கையால் கணித்தால் 142உம் 71உம் வரவேண்டும். கணினி 142 என்றும் 0 என்றும் சொல்லும். அந்த 0ஐ 71 ஆக்குவதற்கு எத்தனை வழிகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, வரும் வாரம் உங்கள் ரீச்சரிடம் காட்டுங்கள். மூன்று வழிகளாவது கண்டுபிடித்தவர்களுடைய பெயர்களை எமக்கு அனுப்பிவைக்குமாறு அதிபர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.